நடுவீதிச் சமாதானம்

வாகனங்கள் இரண்டு மோதிக்கொண்டு, தெய்வாதீனமாக எவருக்கும் காயமில்லாமல் இரும்பும் கண்ணாடியும் மட்டுமே சிதைந்து நிற்கும் வேளையில், அங்கே கூடிவிடும் ஜனக்கூட்டத்திலிருந்து யாரேனும் ஒருவர் முன்வந்து, போலீஸ், கோர்ட், இன்சூரன்ஸ் என்று அலையாமல் இங்கேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொல்வதும், இரு தரப்பாரும் ஒரு தொகையைக் கைமாற்றிக்கொண்டு கலைந்து செல்வதும் நம் நாட்டில் ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே நிலைபெற்றுவிட்டன. அப்படி முடித்துக்கொள்வதுதான் விவேகம் என்றும், கிளெய்ம் என்று புறப்படுகிறவன் வீண் அலைச்சலை விலை கொடுத்து வாங்குகிறான் என்றும் படித்தவரும் படியாதவரும் ஒருமுகமாக அபிப்பிராயம் கொண்டிருக்கின்றனர். இந்த அபிப்பிராயம் கணக்கிலும் பிழை, நியாயத்திலும் பிழை என்பது என் திடமான கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், திருச்சி பால்பண்ணைக்கும் அரியமங்கலத்துக்கும் இடையில், பின்னால் வந்த பேருந்துக்கு வழிவிட இடப்புறம் ஒடித்த கார் ஒன்று, மர நிழலில் நின்றிருந்த இளநீர்த் தள்ளுவண்டியின் மேல் மோதியதை நான் கண்ணெதிரே கண்டேன். வண்டிக்குரிய அம்மாள் அப்போது சாலைக்கு அப்பால் தண்ணீர் பிடிக்கச் சென்றிருந்தபடியால் உயிர் தப்பினார். வண்டியோ பிழைக்கவில்லை. அச்சு முறிந்து, ஒரு சக்கரம் வளைந்து, பலகை பிளந்து, உடைந்த இளநீர்க் காய்களின் நீர் தார்ச்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. காரின் சொந்தக்காரர் கெட்டவர் அல்லர். உடனே இறங்கி வந்து வருத்தம் தெரிவித்து, சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் நான்கை எடுத்து நீட்டினார். “அச்சு மாத்தவே மூவாயிரம் ஆகுங்க சார்” என்று அந்த அம்மாள் சொன்ன சொல் அடங்குமுன், கூட்டத்தில் நின்ற ஒருவர், “குடுக்கிறத வாங்கிக்கிட்டு வுடும்மா. கேஸு கீஸுன்னு போனா நீதான் அலையணும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. அதன்பின் ஒரு மாத காலம், அதே மர நிழலில் தரையில் சாக்கு விரித்து, முன்பு வைத்திருந்ததில் கால்பங்கு காய்களோடு அந்த அம்மாள் உட்கார்ந்திருந்ததை, அவ்வழியே அலுவலகம் சென்ற ஒவ்வொரு நாளும் பார்த்தேன். அந்தக் காரின் கண்ணாடியில் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் ஒட்டுத்தாள் இருந்ததை நான் கவனித்திருந்தேன். கவனித்தும் பேசாமல் நின்றேன் என்ற உறுத்தல்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நடுவீதிச் சமாதானத்தை ஆதரிப்பவர்கள் கூறும் காரணங்களை முதலில் அவற்றுக்குரிய வலிமையோடு எடுத்துரைப்பது முறை. சேதம் சிறியது, அதற்குப் பெரிய நடவடிக்கை எதற்கு என்பது முதலாவது. கிளெய்ம் செய்தால் பல வருஷமாகச் சேர்த்த போனஸ் போய்விடும் என்பது இரண்டாவது. நிறுவனம் ஏதேனும் குறை சொல்லிப் பாதியைக் கழித்துக்கொண்டுதான் தரும் என்பது மூன்றாவது. காவல் நிலையமும் நீதிமன்றமும் சாமானியனை அலைக்கழிக்கும் என்பது நான்காவது. ஏழையிடம் சட்டம் பேசுவது மனிதத்தன்மையாகாது, கையிலிருப்பதைக் கொடுத்து அனுப்புவதே தர்மம் என்பது ஐந்தாவது. ஐந்தில் ஒன்றேனும் முழுப் பொய் அல்ல. ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை உண்டு. அந்தத் துளியைக் கொண்டு ஒரு குடம் தவறான முடிவு நிரப்பப்பட்டிருக்கிறது என்பதே என் வாதம்.

சேதம் சிறியது என்று நடுரோட்டில் நின்று முடிவு செய்பவர் யார்? இக்காலத்துக் கார்களின் பம்பர் பிளாஸ்டிக்கால் ஆனது. மோதும்போது உள்வாங்கி, மோதல் தீர்ந்ததும் ஏறக்குறையப் பழைய உருவத்துக்கே மீண்டுவிடும் இயல்புடையது. வெளியே ஒரு கீறல் மட்டுமே தெரியும்; பம்பரைக் கழற்றிப் பார்க்கும்போதுதான் உள்ளே ஏ.சி. கண்டென்சர் நசுங்கியிருப்பதும், ரேடியேட்டர் கசிவதும், அவற்றைத் தாங்கும் சட்டம் வளைந்திருப்பதும் பட்டறைக்காரருக்கே தெரியவரும். என் உறவினர் ஒருவர், விக்கிரவாண்டிக்கு அருகே பின்னாலிருந்து வந்த வண்டி இடித்துத் தள்ள, முன்னால் நின்ற லாரியில் முட்டிக்கொண்டு, இடித்தவரிடம் நாலாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு விவகாரத்தை முடித்துவிட்டதாக எண்ணிப் பயணத்தைத் தொடர்ந்தார். ரேடியேட்டர் நீர் சொட்டுச் சொட்டாக வடிந்ததை அவர் அறியவில்லை. திண்டிவனம் தாண்டுவதற்குள் என்ஜின் சூடேறி இறுகி நின்றுவிட்டது. விபத்துக்குப் பின் பழுதுபார்க்காமல் ஓட்டியதனால் நேரும் மேற்கொண்ட சேதம் உரிமையாளரின் பொறுப்பே என்பது மோட்டார் பாலிசியில் வழக்கமாகக் காணும் நிபந்தனை. ஆகவே அவருக்கு இடித்தவரிடமும் வழியில்லை, நிறுவனத்திடமும் வழியில்லை. அதே பாலிசி, காரை இழுத்துச் செல்லும் செலவுக்கு 1,500 ரூபாய் வரை தருகிறது என்பதை அறிந்திருந்தால், அவர் ஒரு மீட்பு வண்டியை அழைத்திருப்பார்.

அடுத்தது போனஸ். கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் எனப் படிப்படியாக ஏறும் இந்தத் தள்ளுபடி, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டுமே கிடைப்பது. உச்சப்படியான 50 சதவீதத்தில் இருப்பவர் ஒரு கிளெய்ம் செய்தால், மறு வருஷம் முழுத் தள்ளுபடியையும் இழந்து, அதன்பின் மீண்டும் 20, 25, 35, 45 என்று ஏறி ஆறாம் வருஷத்தில் பழைய நிலையை அடைவார். இடையில் அவர் இழப்பது 50, 30, 25, 15, 5 ஆகமொத்தம் 125 சதவீதம். அதாவது சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாயாக இருப்பின், ஐந்து வருஷத்தில் மொத்தம் 10,000 ரூபாய். ஆகவே பழுதுக்கு நிறுவனம் தரக்கூடிய தொகை பத்தாயிரத்துக்குக் குறைந்தால் கைப்பணத்தில் சரிசெய்துகொள்வது இலாபம் என்பதை நான் தடையின்றி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்பதாயிரம் ரூபாய்ச் செலவைப் பத்தாயிரம் ரூபாய்த் தள்ளுபடிக்கு அஞ்சி ஏற்றுக்கொள்ளும் சிக்கனம் எந்தக் கணக்கில் சேரும்? இதைவிட முக்கியமானது, பிறருடைய பொருளுக்கு நாம் விளைத்த சேதத்தை நம் நிறுவனம் மூன்றாம் தரப்புக் காப்பின் கீழ் ஈடுசெய்வதால் நம் போனஸ் ஒரு காசும் குறைவதில்லை என்பதாகும். திருச்சிக் கார்க்காரர் போனஸைக் காக்க எண்ணியே நான்கு நோட்டுகளை நீட்டினார் என்றால், ஆபத்தில் இல்லாத ஒன்றைக் காப்பதற்காக ஓர் எளிய பெண்மணியின் பிழைப்பைக் குறைத்தார் என்றுதான் பொருள்.

நிறுவனம் பாதியைக் கழித்துக்கொள்ளும் என்ற ஆட்சேபத்துக்கு வருவோம். கழிவு உண்டு, ஆனால் அது சேதத்தை மதிப்பிடும் சர்வேயரின் மனம்போன போக்கில் வைக்கப்படுவதன்று, பல்லாண்டுகளாக நடைமுறையிலுள்ள ஓர் அட்டவணை இருக்கிறது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம். ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து, ஆறு மாதம் வரை ஒன்றுமின்றித் தொடங்கி, பத்தாண்டைக் கடந்ததற்கு 50 சதவீதம் வரை. மூன்றரை வயதான சிறிய கார் ஒன்றுக்குப் பம்பர் 12,000, பானெட் 15,000, முன் கண்ணாடி 9,000 என 36,000 ரூபாய் ஆவதாகக் கொள்வோம். பம்பரில் பாதி போக 6,000, பானெட்டில் கால்பங்கு போக 11,250, கண்ணாடிக்கு முழு 9,000. மொத்தத்தில், உரிமையாளரே ஏற்கவேண்டிய கட்டாயக் கழிவாக 1,000 நீக்கினால் 25,250 ரூபாய் உரிமையாளருக்குச் சேரவேண்டும். ‘பம்பர் டு பம்பர்’ என்று நம்மவர் அழைக்கும் கூடுதல் காப்பைப் பெற்றிருந்தால், இந்தத் தேய்மானக் கழிவும் பெரும்பாலும் இல்லை. நடுவீதியில் ஒருவர் நீட்டும் மூவாயிரத்தைக் காட்டிலும் இருபத்தையாயிரம் குறைந்த தொகை என்று எந்தக் கணக்கனும் சொல்லமாட்டான்.

சர்வேயர் குறைத்து எழுதிவிட்டால் அதுவே முடிந்த முடிவு என்று எண்ணுவதும் பிழை. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட மோட்டார் நஷ்டத்தை உரிமம் பெற்ற சர்வேயர் மதிப்பிட வேண்டும் என்ற விதி, மதிப்பீடு நிபுணர் கையில் இருக்கவேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. அவரை நீதிபதியாக்குவதற்காக அன்று. லாரி ஒன்றின் சேதம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல், சர்வேயரின் அறிக்கை மதிப்புடையதே ஆயினும் அது மாற்ற முடியாத கடைசிச் சொல் ஆகாது என்று தெளிவாக்கியிருக்கிறது. தகவல் தருவதில் ஏற்பட்ட தாமதம் ஒன்றையே காரணமாக்கி நியாயமான கிளெய்மைத் தள்ளக்கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2011இல் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நிறுவனம் மறுத்தாலும், முறையிட்டு ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலும், இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் வக்கீல் இன்றியும் கட்டணம் இன்றியும் மனுச் செய்யலாம். தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்திருக்கிறது. இத்தனை படிகளில் ஒன்றிலேனும் கால் வைக்காமல், நிறுவனம் தராது என்று தீர்மானிப்பவர், நிறுவனத்தின் சார்பில் தாமே தம் கிளெய்மை நிராகரித்துக்கொள்கிறார்.

இங்கே ஓர் உண்மையை மறைக்க நான் விரும்பவில்லை. பழைய நசுங்கலையும் புதிய விபத்தின் கணக்கில் ஏற்றுவதும், லைசென்ஸ் இல்லாத மகன் ஓட்டியதைத் தந்தை ஓட்டியதாக எழுதித் தருவதும், “அதையும் சேத்துப் போட்டுக்கலாம் சார்” என்று பட்டறையில் சொல்வதற்கு உடன்படுவதும் நம்மிடையே குற்றமாகவே கருதப்படுவதில்லை. இன்சூரன்ஸ் என்பது இரு தரப்பாரும் ஒளிவுமறைவின்றி நடக்கவேண்டிய பரம நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். ஒரு பொய்க்கு இடம் கொடுத்தவன் அடுத்த முறை மெய்யோடு வந்தாலும் ஐயத்தோடுதான் நோக்கப்படுவான். அவனோடு சேர்ந்து அயலானும் ஐயத்துக்கு ஆளாவான். நிறுவனங்களின் கடுமையை நிந்திக்கும் நாம், அந்தக் கடுமைக்கு நாம் இட்ட உரத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

காவல் நிலையம், நீதிமன்றம் என்ற அச்சத்தைப் பார்ப்போம். சொந்தக் காருக்கு நேர்ந்த சிறு சேதத்துக்குப் பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கை தேவைப்படுவதே இல்லை. நிறுவனத்துக்குத் தகவல், கிளெய்ம் படிவம், ஆர்.சி., லைசென்ஸ், சேதத்தின் புகைப்படங்கள், பட்டறையின் எஸ்டிமேட் ஆகியவையே போதும். பிறர் பொருளுக்குச் சேதம் நேர்ந்திருந்தால்தான் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் தெரிவிப்பது அவசியமாகிறது. தமிழ்நாட்டில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். ரசீது தரும் வழக்கம் உண்டு. அந்தச் சிறு காகிதம், இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்ன எண்ணுள்ள வண்டியால் இது நேர்ந்தது என்பதற்கு உடனே எழுந்த சாட்சி. அஜாக்கிரதையால் பொருள் மட்டும் சேதமாவது பெரும்பாலும் சிவில் விவகாரமே என்பதை அறிந்தால், புகார் என்ற சொல்லைக் கேட்டவுடன் சிறைக்கதவை நினைத்து நடுங்கும் பயமும் குறையும்.

சட்டம் இதில் கொண்டிருக்கும் உத்தேசத்தையும் சிந்திக்க வேண்டும். சேதப்படுத்தியவனிடம் பணம் இல்லாமல் போகலாம், இருந்தும் தர மனமில்லாமல் போகலாம். அதனால் சேதப்பட்டவன் நிராதரவாகக்கூடாது என்ற கருணையினால்தான் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கென அமைந்த அத்தியாயம் 1946 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆம் பிரிவு அதையே தொடர்ந்தது. கோயம்புத்தூர் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், புதிய கார்களுக்கு மூன்றாண்டும் இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டும் சேர்த்தே இந்தக் காப்பை எடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட, அது 2018 செப்டம்பர் முதல் அமலுக்கு வந்தது. உயிருக்கும் உடலுக்கும் மட்டுமே இக்காப்பு என்று பலர் எண்ணியிருக்கின்றனர். தனியார் காரின் வழக்கமான பாலிசி, பிறர் பொருளுக்கு விளைந்த சேதத்துக்கு ஏழரை லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கிறது. அதை ஆறாயிரமாகக் குறைத்துக்கொண்டால் பிரீமியத்தில் நூறு ரூபாய் குறையும் என்ற வசதியும் அட்டவணையில் உண்டு. நூறு ரூபாயை மிச்சம் பிடிக்க ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாதுகாப்பைத் துறப்பவர்கள், தாம் எதில் கையெழுத்திடுகிறோம் என்பதைப் படித்துப் பார்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

அந்தக் காப்பினால் பயனடைய உரிமையுள்ள ‘மூன்றாம் தரப்பு’ என்பது மற்றொரு கார் மட்டுமன்று; டீக்கடையின் கண்ணாடி அலமாரி, வீட்டின் காம்பவுண்டுச் சுவர், வயலோர மின்மோட்டார் அறை, இளநீர்த் தள்ளுவண்டி எல்லாம் அதில் அடங்கும். தள்ளுவண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கவேண்டியதில்லை. மோதிய காருக்கு இருந்தால் போதும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 165ஆம் பிரிவின்படி அமைந்த மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பொருட்சேத மனுக்களையும் விசாரிக்கும் அதிகாரமுடையது. மனுதாரர் தாம் வசிக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். விபத்து நேர்ந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்ற திருத்தம் 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்திருக்கிறது. ஆதலால் தாமதம் கூடாது.

தீர்ப்பாயத்தில் வருஷங்கள் கழியும் என்பார்கள். அதில் உண்மை உண்டு, அது வருந்தத்தக்கது. ஆனால் பேசி முடிப்பதற்கென்றே 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் மக்கள் நீதிமன்றம் என்ற மண்டபத்தை எழுப்பி வைத்திருக்கிறதே! அங்கே ஏற்படும் உடன்பாடு சிவில் நீதிமன்றத் தீர்ப்பின் வலிமை பெறுகிறது. அதன்மேல் அப்பீல் இல்லை. இருவர் மனமொத்துப் பேசித் தீர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. எழுத்தில்லாமல், மதிப்பீடு இல்லாமல், பின்னால் ஹாரன் அடிக்கும் பேருந்துகளின் அவசரத்தில், குரல் உயர்ந்தவன் பக்கம் சாயும் பேரத்துக்குச் சமாதானம் என்று பெயரிடுவதைத்தான் எதிர்க்கிறேன். மேலும் வழக்கமான மோட்டார் பாலிசியின் நிபந்தனைகளில், நிறுவனத்தின் எழுத்துமூலமான சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்களிப்பதோ, தருவதோ கூடாது என்று சொல்லப்பட்டிருக்கிறது. நடுவீதியில் நோட்டை எண்ணிக் கொடுப்பவர், பின்னால் மறுதரப்பார் வழக்குத் தொடுத்தால் தமக்கு அரணாக நிற்கவேண்டிய காப்பைத் தம் கையாலேயே பலவீனமாக்கிக்கொள்கிறார்.

ஐந்தாவதாகச் சொல்லப்படும் மனிதத்தன்மை வாதமே மிக நுட்பமானது. நல்லவர்களை மயக்குவதும் அதுவே. இடித்தவன் ஏழை ஆட்டோக்காரன், பாவம், விட்டுவிடுவோம் என்று சொந்த நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்பவரை நான் வணங்குகிறேன். அவர் துறப்பது தம்முடையதை. ஆனால் சேதப்பட்டவன் ஏழையாக இருக்கையில் அதே இரக்கத்தின் பெயரால் கையிலிருப்பதைக் கொடுத்து அனுப்புவது, அவனுக்கு உரிமையாக வரவேண்டியதைப் பிச்சையாகச் சுருக்கித் தருவதாகும். கருணை என்பது உரியதைக் கொடுத்தபின் மேலும் கொடுப்பது. உரியதைக் குறைத்துக் கொடுப்பதற்கு அப்பெயர் பொருந்தாது.

நிறுவனங்களையும் நான் விட்டுவிடுவதற்கில்லை. இரு வண்டிகளும் முழு இன்சூரன்ஸ் உடையவையாக இருக்கும்போது, தவறு யாருடையதாயினும் அவரவர் நிறுவனம் அவரவர் வண்டியைப் பழுதுபார்த்துவிட்டுத் தமக்குள் வசூலிப்பதில்லை என்று நிறுவனங்களுக்கிடையே நெடுங்காலமாக ஒரு ‘நாக் ஃபார் நாக்’ உடன்படிக்கை இருந்துவருகிறது. வேலை விரைவில் முடிகிறது என்பது மெய். ஆனால் சிக்னலில் அசையாமல் நின்றிருந்த வண்டியைப் பின்னாலிருந்து ஒருவன் இடித்தாலும், நின்றிருந்தவரே தம் போனஸை இழக்கிறார். குற்றமற்றவரைத் தண்டிக்கும் இந்த ஏற்பாட்டை மாற்றவேண்டும். குற்றமில்லை என்று சான்றுகளால் தெளிந்தவரின் போனஸைக் காப்பாற்ற ஒழுங்குமுறை ஆணையம் வழிவகுக்கவேண்டும். சிறு தொகைக்கான பொருட்சேத மனுக்களைத் தீர்ப்பாயத்துக்கு இழுத்துச் செல்லாமல், நிறுவனங்கள் தாமே சில வாரங்களில் தீர்த்துவைக்கும் முறையும் வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறக்கூடியவர்கள், கிளெய்ம் செய்கிறவர்களே. எவரும் நடக்காத வழியை எந்த அரசாங்கம் செப்பனிடும்?

ஆகவே விபத்து நேர்ந்த இடத்தில் செய்யவேண்டியது சிறிதளவே. வண்டிகளை நகர்த்துமுன் அவை நின்ற நிலையையும், நம்பர் பிளேட்டுகளையும், சேதத்தையும் செல்போனில் படமெடுக்கவேண்டும். மறுதரப்பாரின் பாலிசி எண்ணையும் லைசென்ஸையும் குறித்துக்கொள்ளவேண்டும். பார்த்தவர் ஒருவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கவேண்டும். அன்றே நிறுவனத்துக்குத் தெரிவிக்கவேண்டும். கோபமும் வேண்டாம், குரல் உயர்த்தவும் வேண்டாம்.

அன்று திருச்சியில் அந்த அம்மாளின் கையில் இருந்தவை நான்கு நோட்டுகள். அவரிடம் இருந்திருக்கவேண்டியவை ஒரு காரின் எண்ணும், ஒரு பாலிசியின் எண்ணும், என் பெயரும். சாட்சி சொல்ல நான் வருகிறேன் அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த அச்சும் சக்கரமும் பலகையும் மட்டுமன்றி, சாக்கு விரித்த ஒரு மாதத்து வருமானத்தையும் சேர்த்துக் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். அடுத்த முறை அப்படியொரு கூட்டத்தில் நிற்க நேர்ந்தால், ‘வாங்கிக்கிட்டு வுடும்மா’ என்ற குரலுக்கு முன்னால் என் குரல் எழும். இதை வாசிப்பவர்களின் குரலும் எழவேண்டும் என்பதே என் பிரார்த்தனை.